சோடா மூடியில் எட்டாம் வாய்ப்பாடு

மூன்றாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிற வேலையில் மூளை தேய்வதைவிடத் தொண்டை தேய்வதுதான் அதிகம். காலையில் வீட்டிலிருந்து ஒரு குரலோடு கிளம்பி, சாயங்காலம் வேறு யாருடைய குரலோடோ திரும்பி வருகிறவர்கள் நாம். பெருங்களத்தூர் பஸ்ஸில் ஏறி டிக்கெட் கேட்டால் கண்டக்டர், சளியா மேடம் என்று விசாரிப்பார். சளி இல்லை, எட்டாம் வாய்ப்பாடு.

நான் சொல்வது இரண்டாயிரத்து மூன்று, நான்கு வாக்கில். இரும்புலியூரில் ஜி.எஸ்.டி. ரோட்டுக்குப் பின்னால், ரயில் போனால் பாடத்தை நிறுத்திக் காத்திருக்கிற தூரத்தில் ஒரு சின்னத் தொடக்கப் பள்ளி. வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவே சுவர் கிடையாது, தட்டிதான். என் பங்குக்கு முப்பத்தாறு பிள்ளைகள், ஒரு கரும்பலகை. வாய்ப்பாடு என்றால் எல்லோரும் எழுந்து நின்று ராகம் போட்டு ஒப்பிப்பது. ஓரெட்டு எட்டு, ஈரெட்டு பதினாறு என்று ஆரம்பித்தால் கடைசி வரை போய்த்தான் மூச்சு விடுவார்கள். நடுவில் நிறுத்தி, ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டால் போச்சு. மறுபடி ஓரெட்டிலிருந்து உதட்டுக்குள் முணுமுணுத்துக்கொண்டு வரவேண்டும். தாம்பரத்துக்கு முந்தின ஸ்டேஷன் எது என்று கேட்டதற்கு, பீச் ஸ்டேஷனில் ஆரம்பித்து ஒவ்வொரு ஸ்டேஷனாகச் சொல்லிக்கொண்டு வருகிற மாதிரி. நானும் அப்படிப் படித்தவள்தான். உங்களில் பாதிப் பேர் இப்போது ஒருமுறை உதட்டை அசைத்துப் பார்த்திருப்பீர்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை வயிற்றுவலி

சந்தியா என்று ஒரு பெண். எட்டு வயது, இரட்டைப் பின்னல், தமிழ்ப் பாட்டு என்றால் முதல் ஆளாகக் கை தூக்குவாள். ஆனால் வெள்ளிக்கிழமை வந்தால் பிரேயர் முடிவதற்குள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். வெள்ளிக்கிழமைதான் ஒவ்வொருவராகத் தனியே எழுந்து வாய்ப்பாடு ஒப்பிக்கிற நாள். கும்பலோடு பாடும்போது அவள் வாய் அசையும், சத்தம் வருகிறதா என்று யாருக்குத் தெரியும். தனியாக நின்றால் ஓரெட்டு மட்டும் வரும், அப்புறம் கண்ணீர் வரும்.

எங்கள் பள்ளியில் மணி அடிப்பது, தண்ணீர் பிடிப்பது, அடிபட்ட முட்டிக்கு மருந்து போடுவது எல்லாம் சரோஜா ஆயாம்மாதான். சந்தியாவை ஆபீஸ் வராண்டா பெஞ்சில் படுக்கவைத்து ஓமத் தண்ணீர் கொடுப்பார். மத்தியானம் போய்ப் பார்த்தால் அதே பிள்ளை தயிர் சாதத்துக்கு எலுமிச்சங்காய் ஊறுகாய் தொட்டுத் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும். வீட்டிலிருந்து தாம்பரம் டாக்டரிடம் காட்டினார்கள், அவர் பூச்சி மருந்து கொடுத்தார். பூச்சி போயிருக்கலாம், வெள்ளிக்கிழமை போகவில்லை. ஒரு நாள் நான் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, காய்ச்சலும் இல்லையே என்றேன். ஆயாம்மா தம்ளரைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "வயித்துல ஒண்ணும் இல்ல மிஸ். உங்க கிளாஸுலதான் இன்னாவோ கீது."

மூடி வேட்டை

அந்த வருஷம் ஒரு பயிற்சிக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கே கலர் கலராக மணிகளை வைத்து, பெருக்கலைப் பிள்ளைகளின் கையில் கொடுங்கள், வாயில் தானாக வரும் என்று அழகாகச் செய்து காட்டினார்கள். மணிகளை மட்டும் திரும்ப வாங்கி வைத்துக்கொண்டார்கள். பள்ளிக்கு வந்து எங்கள் பெரிய டீச்சரிடம், அதாவது தலைமை ஆசிரியையிடம், மணி கேட்டேன். சாக்பீஸுக்கே ஒரு துண்டு, இரண்டு துண்டு என்று பார்க்கிறவர் அவர். மணி கிடையாது, அனுமதி உண்டு என்றார். அரைப்பரீட்சை வரைக்கும் என் இஷ்டப்படி விளையாட்டாகவே நடத்தலாம். அதன்பிறகு அவரே வந்து ஒவ்வொரு பிள்ளையையும் எழுப்பி, குறுக்கும் நெடுக்குமாகக் கேட்பார். வரவில்லை என்றால் பழையபடி ராகம்தான்.

பிள்ளைகளிடம், சோடா பாட்டில் மூடி கிடைத்தால் கொண்டு வாருங்கள் என்றேன். திங்கட்கிழமை வகுப்பில் குவிந்துவிட்டது. தரையில் எட்டு எட்டாக வரிசை கட்டினோம். ஒரு வரிசை எட்டு, அதற்குக் கீழே இன்னொரு வரிசை, பதினாறு. ராகம் இல்லை, கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, வேண்டுமானால் தொட்டு எண்ணிக்கொள்ளலாம். சந்தியா வாயைத் திறக்கவில்லை என்றாலும் அவள் போட்ட வரிசை நூல் பிடித்த மாதிரி இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை, பெரிய டீச்சரைக் கையோடு கூட்டிவந்து காட்டினேன். அவர் குனிந்து ஒரு மூடியை எடுத்துப் பார்த்தார், மூக்கருகே கொண்டு போனார். பிறகுதான் நானும் பார்த்தேன். பாதிக்கு மேல் பீர் பாட்டில் மூடி. ஜி.எஸ்.டி. ரோட்டு ஒயின் ஷாப்புக்குப் பின்பக்கம் போய்ப் பொறுக்கி வந்திருக்கிறார்கள். பெரிய டீச்சர் மூடியை அதே வரிசையில், அதே இடத்தில் வைத்துவிட்டு நிமிர்ந்தார்: "கணக்கு சரியாத்தான் இருக்கு டீச்சர். வாசனைதான் சரியில்ல."

லாரிக்காரர் வந்தார்

மறுநாள் காலை பள்ளி வாசலில் ஒரு தண்ணீர் லாரி வந்து நின்றது. தண்ணீர் லாரி வராத தெருவே இல்லாத காலம் அது, நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் இறங்கி வந்த டிரைவர் நேராக என் வகுப்புக்கு வந்தார். சந்தியாவின் அப்பா. அவர் கையில் ஒரு பிளாஸ்டிக் பை, பையில் மூடிகள். விஷயம் இதுதான். வீட்டில் அவர் சட்டை தொங்குகிற ஆணிக்குக் கீழே இந்த மூடிகள் கிடந்திருக்கின்றன. அவர் மனைவி, காட்டாங்குளத்தூர் காலேஜ் கேன்டீனில் வேலை பார்க்கிறவர், அதைப் பார்த்துவிட்டுக் கணவருக்கு ராத்திரி சோறு போடவில்லை. பீர் பாட்டிலைக் கையாலும் தொடாத மனிதர் அவர். மகள் எழுந்து, அது என் கணக்கு என்று சொன்ன பிறகுதான் காலையில் இட்லி கிடைத்திருக்கிறது.

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. மைதானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அங்கே பாண்டிக் கட்டம் போட்டு, எட்டின் மடங்கில் மட்டும் கால் வைத்துப் பிள்ளைகள் குதித்துக்கொண்டிருந்தார்கள். சந்தியா வரிசையில் கடைசியில் நின்றாள். அவர் நிதானமாகத்தான் பேசினார். வாய்ப்பாடு வராமல்தான் அவருக்கு நாலாவதோடு படிப்பு நின்றதாம். மகளுக்கும் அதே கதி வரக்கூடாது. அரைப்பரீட்சை வரை பார்ப்பாராம். எட்டாம் வாய்ப்பாடு வரவில்லை என்றால் கேளம்பாக்கத்தில் அக்கா வீட்டில் விட்டு, அங்கே ஒரு பள்ளியில் சேர்த்துவிடுவாராம். அங்கே முட்டியில் ஸ்கேல் விழும், ஆனால் வாய்ப்பாடு வந்துவிடும். மகளை விட்டுப் பிரிந்து இருப்பீர்களா என்று கேட்டேன். பதிலுக்கு லாரிச் சாவியைக் கையில் உருட்டினார். போகும்போது என்னைப் பார்த்துச் சொன்னது மட்டும் அப்படியே நினைவிருக்கிறது: "வெளாட்டு எங்க வூட்லயே கீது மிஸ். கணக்குக்குத்தான் இங்க அனுப்புறேன்."

கோலப்புள்ளி

இனிமேல் மூடி வேண்டாம், யாருக்கும் மனஸ்தாபம் வராத பொருளாக இருக்கட்டும் என்று யோசித்தேன். கோலம். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் வரிசை வரிசையாகப் புள்ளி வைக்கிற ஊரில் நான் ஏன் ஒயின் ஷாப் வரைக்கும் போகவேண்டும்? ஏழு புள்ளி, அந்த மாதிரி நாலு வரிசை, வீட்டில் வைத்துவிட்டு மொத்தம் எத்தனை என்று எண்ணி வாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். இருபத்தெட்டு வரும் என்று காத்திருந்தேன். மறுநாள் வகுப்பில் கேட்டால், முப்பத்தேழு என்றது ஒரு குரல். முப்பத்தேழு என்றது இன்னொரு குரல். அடுத்தடுத்து முப்பத்தேழுதான். அத்தனை பேரும் சேர்ந்து ஒரே தப்பைச் செய்தால் எந்த டீச்சருக்கும் தன் மேல்தான் சந்தேகம் வரும். இருபத்தெட்டுதானே என்று கரும்பலகைக்குத் திரும்பி நின்று ரகசியமாகச் சரிபார்த்துக்கொண்டேன்.

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் சந்தியாவின் அம்மாவைப் பார்த்தேன். காட்டாங்குளத்தூரிலிருந்து வந்து இறங்கியிருந்தார். விசாரித்தபோது விளக்கம் கிடைத்தது. பிள்ளைகள் ஏழு புள்ளி, நாலு வரிசை என்று போய்ச் சொன்னதும், எந்த அம்மாவும் வரிசைக்கு நேர்க் கீழே வரிசை வைக்கவில்லை. கை பழகிய பழக்கத்தில், நாலு வரிசையை நாலு வரைக்கும் என்று எடுத்துக்கொண்டு, இடைவெளியில் புள்ளி வருகிற ஊடுபுள்ளியாகத்தான் வைத்திருக்கிறார்கள். நடுவில் ஏழு, மேலே ஆறு, ஐந்து, நாலு, கீழேயும் ஆறு, ஐந்து, நாலு. கூட்டினால் முப்பத்தேழு. பூக்கோலத்துக்கு அதுதான் வழக்கம். நான் பஸ் ஸ்டாப் மண்ணில் செருப்பு முனையால் ஏழேழாக நாலு வரிசை வைத்து, இப்படித்தான் கேட்டேன் என்று காட்டினேன். அவர் தலையைச் சாய்த்து அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தார். எத்தனை கோலம் போட்ட கை, அவர் முகத்தில் எனக்காக ஒரு பரிதாபம் தெரிந்தது: "இப்படி நீட்டமா வெச்சா அது கோலம் இல்ல மிஸ், பாய்."

பாய் மடிப்பு

அந்தப் பேச்சை மறுநாள் வகுப்பில் சொன்னேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சந்தியாவும் சிரித்தாள், தன் அம்மா சொன்னது என்ற பெருமை வேறு. அன்றிலிருந்து எங்கள் வகுப்பில் பெருக்கலுக்குப் பெயர் பாய். நாலேழு என்றால் நாலு வரிசைப் பாய், வரிசைக்கு ஏழு புள்ளி. பழைய பேப்பரில் புள்ளி வைத்து ஆளுக்கொரு பாய் செய்தோம். பிறகு விளையாட்டே மடிப்பதில்தான். ஏழெட்டு தெரியவில்லையா, ஏழு வரிசைப் பாயை ஐந்தாவது வரிசைக்குக் கீழே மடி. மேலே ஐந்து வரிசை, ஐயெட்டு நாற்பது, அது எல்லோருக்கும் தெரியும். மடித்ததைத் திருப்பினால் இரண்டே வரிசை, ஈரெட்டு பதினாறு. இரண்டையும் சேர். ஓரெட்டிலிருந்து நடந்து வரவேண்டியதில்லை.

இந்த மடிப்புச் சத்தமும் கூச்சலும் தட்டிக்கு அந்தப்புறம் நாலாம் வகுப்பு எடுத்த ராஜமாணிக்கம் சாருக்குத்தான் இடைஞ்சல். பொறுமைசாலி, சண்டைக்கு வரமாட்டார். நாலாம் வகுப்புப் பிள்ளைகள் தட்டியில் விரல் விட்டு ஓட்டையைப் பெரிதாக்கிக்கொண்டே வந்தார்கள். ஒரு நாள் இடைவேளையில் டீ குடிக்கும்போது அவர் மெதுவாக ஆரம்பித்தார்: "டீச்சர், என் கிளாஸ்ல முதுகு மட்டுந்தான் இருக்கு. கண்ணெல்லாம் உங்க கிளாஸ்ல இருக்கு."

கும்பல் ஆட்டம்

பாய் மடிக்கத் தெரிந்தும் சந்தியாவுக்கு வாய் திறக்கவில்லை. பேப்பரில் சரியாகச் செய்வாள். எழுந்து சொல் என்றால் பழையபடி கண்ணில் நீர் கட்டும். அரைப்பரீட்சை நெருங்க நெருங்க, நடுவில் நின்றிருந்த வெள்ளிக்கிழமை வயிற்றுவலியும் திரும்பி வந்தது. கேளம்பாக்கம் விஷயம் வீட்டில் அவள் காதிலும் விழுந்திருக்கவேண்டும். எனக்கும் பயம்தான். அந்தப் பிள்ளை போய்விட்டால் நான் மூடி பொறுக்கியதற்கும் பாய் மடித்ததற்கும் என்ன அர்த்தம் என்று இருந்தது.

மைதானத்துப் புங்கமரத்தடியில் கும்பல் ஆட்டம் ஆடுவோம். எல்லோரும் வட்டமாக ஓடவேண்டும். நான் ஒரு எண்ணைச் சொன்னதும் அத்தனை பேராகக் கை கோத்துக் கும்பல் சேரவேண்டும். எத்தனை கும்பல், கும்பலுக்கு எத்தனை பேர் என்று பெருக்கிப் பார்க்கவேண்டும். எந்தக் கும்பலிலும் சேராமல் மிஞ்சியவர்கள் என் பக்கத்தில் வந்து நிற்கவேண்டும். சந்தியா ஓடிப்போய் யார் கையையும் பிடிக்கமாட்டாள். அதனால் எட்டு என்றாலும் என் பக்கத்தில் நிற்பாள், ஏழு என்றாலும் நிற்பாள். ஒரு நாள் அதிசயமாக யாரும் லீவு இல்லை, முப்பத்தாறு பேரும் வந்திருந்தார்கள். ஏழு சொன்னதில் அவள் ஒருத்தி மட்டும் மிஞ்சி, புங்கமரத்து வேரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அடுத்து ஐந்து சொல்லலாமா என்று எல்லோரிடமும் கேட்டேன். என் புடவைத் தலைப்பை யாரோ இழுத்தார்கள். சந்தியாதான். அந்த வருஷத்தில் கணக்கு வகுப்பில் அவள் தானாக வாய் திறந்தது அதுதான் முதல் தடவை: "அஞ்சு வேணாம் மிஸ், ஒருத்தர் தனியா நிக்கணும். ஆறு சொல்லுங்க, யாரும் நிக்க வேணாம்."

பெரிய டீச்சரின் கேள்வி

ஆறு என்றுதான் கூப்பிட்டேன். ஆறு கும்பலாகச் சேர்ந்தார்கள், யாரும் மிஞ்சவில்லை. சந்தியாவின் இரண்டு கைகளையும் இரண்டு பேர் பிடித்திருந்தார்கள். அடுத்த எண்ணைச் சொல்லாமல் அவர்களை அப்படியே கொஞ்ச நேரம் நிற்கவிட்டேன்.

அரைப்பரீட்சை முடிந்து பெரிய டீச்சர் நாற்காலியைப் போட்டுக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்தார். சந்தியாவின் அப்பாவும் வந்துவிட்டார். லாரி வாசலில் சொட்டிக்கொண்டு நிற்க, அவர் காக்கிச் சட்டையோடு ஜன்னலுக்கு வெளியே நின்றார். பிள்ளைகள் நன்றாகவே சொன்னார்கள், ஒன்பதாம் வாய்ப்பாட்டில் இரண்டு பேர் சறுக்கியது தவிர. சந்தியா முறை வந்தது. பெரிய டீச்சர் என்ன கேட்பார் என்று எனக்கு முன்பே தெரிந்திருந்தால் மாற்றச் சொல்லிக் கெஞ்சியிருப்பேன். ஏழெட்டு என்றார். சந்தியாவின் உதடு குவிந்தது. ஓரெட்டுக்குத்தான் குவிகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் உதடு பாதியில் நின்றது. பாய் மடிச்சுக்கட்டுமா மிஸ் என்று கேட்டாள். பெரிய டீச்சர் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார், நான் தலையாட்டினேன். பேப்பர் கிடையாது, அவள் தன் உள்ளங்கையையே விரித்து, விரல் பக்கத்தைக் கொஞ்சம் மடித்துப் பார்த்தாள். நாற்பது, பதினாறு, ஐம்பத்தாறு என்றாள். பெரிய டீச்சர் சோதிக்கிற மாதிரி, அப்போ எட்டேழு என்றார். சந்தியா சிரித்தே விட்டாள். பாயைத் திருப்பிப் போட்டால் அதேதான் என்றாள்.

பெரிய டீச்சர் லேசில் விட்டுக்கொடுக்கிறவர் இல்லை. செவ்வாய்க்கிழமை ராகம் இருக்கட்டும், வெள்ளிக்கிழமை பாயை வைத்துக்கொள்ளுங்கள் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு எழுந்தார். நான் ஜன்னல் பக்கம் ஓடினேன். சந்தியாவின் அப்பா இன்னும் அங்கேயேதான் நின்றார், வலது கையில் நாலு விரல் மடக்கியிருந்தது, உதடு அசைந்துகொண்டிருந்தது. கேளம்பாக்கம் என்ன ஆச்சு என்று கேட்டேன். பொங்கல் லீவுக்கு வேண்டுமானால் அத்தை வீட்டுக்குப் போய் வரட்டும், பள்ளிக்கூடம் இங்கேதான் என்றார். சொல்லிவிட்டு, மடக்கிய விரல்களைப் பார்த்தார், உள்ளே மகளைப் பார்த்தார். கண் கலங்கியதைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை: "நான் இன்னும் நாலெட்டுலதான் நின்னுகினு கீறேன் மிஸ். அதுக்குள்ள எம்பொண்ணு போய்ச் சேந்துடுச்சு."

சக தொண்டைக்காரர்களே, பாய் மடித்தாலும் கும்பல் ஆட்டம் ஆடினாலும் நம் தொண்டை வறளத்தான் செய்யும், ஆனால் வெள்ளிக்கிழமைக்கு ஓமத் தண்ணீர் தேவைப்படாது, அது மட்டும் மிச்சம்.